சுத்தியல் சொன்னாங்க

மரியாதை விலைமதிப்பில்லாத சரக்கு. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது: ஒரு மீசை. மீசை வைத்த வாத்தியார் வகுப்புக்குள் காலடி வைத்ததுமே முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மரியாதையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மீசை இல்லாதவர் தவணையில்தான் வாங்க வேண்டும். அதுவும் நேற்றுக் கட்டியது கணக்கில் சேராது. தினமும் காலையில் முதல் தவணையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த விலை விவரம் குழாய்க்கடைக்காரருக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது.

அவருக்குத் தெரிந்தது குழாய். கடைத்தெரு முனையில் இருந்த கடையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் குழாயும் ஷவரும் வாஷ்பேசினும்தான். வாங்க வருகிறவர்கள் குழாயை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள், நகத்தால் தட்டிச் சத்தம் கேட்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற வாஷர் எப்படி என்று கேட்ட மனிதரை அவர் இன்றுவரை சந்தித்ததில்லை. ஆகையால் ஒரே பட்டறையில் செய்த ஒரே குழாயை அவர் இரண்டு பெட்டியில் வைத்து விற்றார். ஒன்று வெறும் வெள்ளைப் பெட்டி. இன்னொன்று கறுப்புப் பெட்டி, மேலே தங்க எழுத்து. கறுப்புப் பெட்டியில் போனது ஒழுகினால், "எங்க வீட்ல தண்ணி பிரஷர் அதிகம்" என்று வாங்கியவரே சமாதானம் சொல்வார். வெள்ளைப் பெட்டியில் போனது ஒழுகினால் அதைக் கொண்டுவந்து மேசை மேல் போடுவார்கள், கடைக்காரர் காதில் விழுகிற மாதிரி.

அவருக்கு ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. கணக்குப் பாடம் என்றால் அவளுக்கு வயிற்றுவலி வரும். சும்மா சாக்கு இல்லை. நிஜமாகவே கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு என்று பள்ளியில் காலை ஏழு மணிக்கு ஒரு சிறப்பு வகுப்பு ஆரம்பித்தார்கள். கடை திறப்பதற்கு முன் ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவார். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் பார்த்தால் பெண் சாப்பாட்டு மேசையிலேயே நோட்டை விரித்து, ஒரு கையில் சாதமும் மறு கையில் பென்சிலுமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் கை வைக்கவில்லை.

அதற்குக் காரணம் சுத்தியல்.

சுத்தியல் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கணக்கின் ஒவ்வொரு படியிலும் விரல் முட்டியால் மேசையில் டக்கென்று தட்டி, "ஏன்?" என்று கேட்கிற பழக்கத்தால் வந்த பெயர். சுத்தியலின் அன்றாடச் செய்தி ராத்திரிச் சாப்பாட்டோடு வரும்.

"இன்னிக்கு சுத்தியல் கதவைச் சாத்திட்டாங்கப்பா. ரெண்டே நிமிஷம்தான் லேட்டு. டாக்டர் பையன் வெளிய நின்னான்."

"அப்புறம்?"

"'உங்கப்பா ஆபரேஷனுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா போவாரான்னு வீட்ல கேட்டுட்டு வா'ன்னு சொன்னாங்க."

குழாய்க்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சபாஷ்! ஆளுன்னா இப்படி இருக்கணும்."

"விடை சரியா இருந்தும் என் நோட்டைத் திருப்பிட்டாங்க. 'விடை பக்கத்து பெஞ்ச்லயும் கிடைக்கும். ஏன்ங்கறது உன்கிட்டதான் கிடைக்கும்'னாங்க."

"எழுதி வெச்சுக்கோம்மா. உங்க சுத்தியல் சொல்றது வியாபாரத்துக்கும் பொருந்தும்."

இந்தக் கதைகளை மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்குவார். அங்கேதான் ஒரு சின்னக் கோளாறு நடந்தது. மகள் சொல்வது 'சொன்னாங்க'. தமிழில் இந்த 'ங்க' இருக்கிறதே, அது நாசூக்கான ஜீவன். மரியாதை கொடுக்கும், ஆளைக் காட்டிக்கொடுக்காது. ஆணா பெண்ணா என்று அதன் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் அதைத்தான் போடுவாள். அந்த 'சொன்னாங்க' ஸ்கூட்டரில் ஏறிக் கடை வந்து சேர்வதற்குள் 'சொன்னார்' ஆகிவிடும். "சுத்தியல் சார் நேத்து என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். கதவைச் சாத்துகிற ஆள், நோட்டைத் திருப்புகிற ஆள், டாக்டர் பையனை வெளியே நிற்க வைக்கிற ஆள். அவருக்கு ஆறடி உயரம், கட்டைக் குரல், காதோரம் நரை. இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. குழாய்க்கடைக்காரரே வாங்கி அவரே மாட்டிவிட்டார்.

வீட்டில் 'உங்க சுத்தியல்' என்பதோடு நிறுத்திக்கொள்வதால் திருத்தவும் ஆள் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவள் மனைவி. கடையை விட்டு அவர் நகர முடியாது என்பது வீட்டுச் சட்டம்.

இதற்கிடையில் அவருடைய கைபேசியில் வேறொரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு. அங்கே நாள் தவறாமல் அடிபட்ட பேர், மேத்ஸ் மிஸ்.

'மேத்ஸ் மிஸ்ஸுக்கு சிரிக்கவே தெரியாதா?'

'என் பொண்ணு நேத்து அழுதுகிட்டே வந்தா.'

'வீட்ல என்ன டென்ஷனோ, புள்ளைங்க மேல காட்டுறாங்க.'

'கல்யாணம் ஆகலையோ?'

'ஆயிடுச்சு. அதான்.'

கடைசிச் செய்திக்கு நிறையப் பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். குழாய்க்கடைக்காரரும் போட்டார். பாவம் அந்த மிஸ், என்றும் நினைத்துக்கொண்டார். ஒரே பள்ளிக்கூடத்தில் காலையில் அப்படி ஒரு சார், பகலில் இப்படி ஒரு மிஸ். ஒருவேளை அந்த சார்தான் இந்த மிஸ்ஸுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாம்.

எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரின் பையனும் அதே வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன், காலை வகுப்பு தேவைப்படாதவன். ஒருநாள் கண்ணாடிக்காரர் ஒரு தாளோடு வந்தார். பள்ளி முதல்வருக்கு மனு. 'கணித ஆசிரியை மாணவர்களிடம் கனிவின்றி நடந்துகொள்கிறார். இவரைப் பன்னிரண்டாம் வகுப்பில் தொடரவிடாமல் வேறு ஆசிரியரை நியமிக்குமாறு வேண்டுகிறோம்.'

"அண்ணே, முதல் கையெழுத்து நீங்க போடணும். உங்க கைராசி கடைத்தெருவுக்கே தெரியும்."

"மனுவுக்கு எதுக்குப்பா போணி?"

"எல்லாத்துக்கும் போணி வேணும்ணே."

குழாய்க்கடைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் கை வைக்கிறோமே என்று கொஞ்சம் தயங்கினார். மகளின் கடைசி வருஷத்தை நினைத்தார். "அந்த இடத்துக்கு எங்க சுத்தியல் சாரைப் போடச் சொல்லணும். காலை வகுப்பு எடுக்கிறார். கனமான ஆளு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் அது யார் என்று கேட்கவில்லை. தாளில் பேர் விழுந்துவிட்டதா என்பதுதான் அவர் கவலை.

போணி நன்றாகத்தான் ஆயிற்று. "குழாய்க்காரரே போட்டுட்டாரா? அப்பச் சரி" என்று சாயங்காலத்துக்குள் தாளில் இருபத்தொரு பேர்.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேர் முதல்வர் அறைக்குப் போனார்கள். குழாய்க்கடைக்காரர், கண்ணாடிக்காரர், கூடவே வங்கியில் மேலாளராக இருக்கும் ஒரு அம்மாள். முதல்வர் ஒல்லியான மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. மனுவைப் படித்து முடித்து, அதன் மேல் கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"சார், நாங்க யாரையும் குறை சொல்ல வரல" என்று குறை சொல்ல ஆரம்பித்தார் குழாய்க்கடைக்காரர். "மிஸ்ஸை ஆறாம் வகுப்புக்கு மாத்திடுங்க. சின்னப் புள்ளைங்களோட இருந்தா அவங்களுக்கும் கொஞ்சம் கனிவு வரும். பன்னண்டாம் வகுப்புக்கு காலை வகுப்பு எடுக்கிறாரே, அந்த சாரைப் போட்டுடுங்க. எல்லாருக்கும் நல்லது."

"எந்த சார்?"

"பேரு தெரியல சார். பசங்க செல்லமா ஒரு பேரு வெச்சிருக்காங்க."

"என்ன பேரு?"

"தப்பா எடுத்துக்காதீங்க. சுத்தியல்."

முதல்வர் கண்ணாடிக் குண்டைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார். "நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்கணுமா என்ன? பேச்சுலயே தெரியுதே ஆளு யாருன்னு."

"காலை வகுப்பு எடுக்கிறதும் இந்த மிஸ்தான். பசங்க சுத்தியல்ங்கறதும் இவங்களைத்தான். மேல் வகுப்புக்குக் கணக்கு எடுக்க இங்க வேற ஆளே கிடையாது. இவங்களை மாத்தினா வெளியிலேர்ந்துதான் எடுக்கணும். ஒரு சார் வந்து பாத்துட்டுப் போயிருக்கார். அனுபவம் கம்மி. நல்ல குரல்."

கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "அண்ணே, ஒரே ஆளை வேணும்னும் கேட்டுட்டீங்க, வேணாம்னும் கேட்டுட்டீங்க!" வங்கி அம்மாள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள்.

"வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது" என்றார் முதல்வர். "அதுவரைக்கும் மனு என்கிட்ட இருக்கட்டும்."

வழியெல்லாம் குழாய்க்கடைக்காரருக்கு வந்தது வெட்கம் இல்லை, ஏமாந்த கோபம். யாரோ வேண்டுமென்றே தன்னை முட்டாளாக்கிவிட்ட மாதிரி இருந்தது. அந்த யாரோ யார் என்றுதான் பிடிபடவில்லை.

அன்று ராத்திரி மகள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இன்னிக்கு சுத்தியல் டெஸ்ட் பேப்பரையெல்லாம் திருப்பிக் குடுத்து மறுபடி எழுதச் சொல்லிட்டாங்க. ஒருத்தரைக்கூட விடல."

"ஏன், அவங்களுக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மகள் கையை நிறுத்தினாள். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இது என்னங்க புதுப் பேச்சு?"

"போன வாரம் கதவைச் சாத்தினாங்கன்னதும் தொடையைத் தட்டிச் சிரிச்சீங்க" என்றாள் மகள்.

"அது போன வாரம்."

"இந்த வாரம் என்னாச்சு?"

"நான் சார்னு நெனச்சுட்டேன்மா."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "மூணு மாசமா கதை கேட்டுட்டு, ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாமயா 'சபாஷ்' போட்டீங்க? நீங்க குழாய் விக்கிற லட்சணமும் இப்படித்தானா?"

மகள் சிரிக்கவில்லை. "மனுல முதல் கையெழுத்து உங்களுதாமே. டாக்டர் பையன் க்ளாஸ்ல சத்தமா சொன்னான். அப்பதான் சுத்தியல் உள்ள வந்தாங்க. அவங்க காதுலயும் விழுந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்தாங்க. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்கறவங்க, அதுக்கு மட்டும் கேக்கல." தட்டைத் தள்ளி வைத்தாள். "அவங்க போயிட்டா எனக்குத் திரும்ப வலி வரும்ப்பா. எனக்குத் தெரியும்."

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஒரு பரிசோதனை செய்து பார்த்தார். மனசுக்குள் 'சுத்தியல் சார் எல்லார் பேப்பரையும் திருப்பிக் கொடுத்தார்' என்று சொன்னார். வாக்கியம் கனமாக இறங்கி உட்கார்ந்தது. 'மேத்ஸ் மிஸ் எல்லார் பேப்பரையும் திருப்பிக் கொடுத்தாங்க' என்று சொன்னார். அது கீச்சென்றது. திருப்பித் திருப்பிச் சொன்னாலும் கீச்சென்றுதான் கேட்டது. பேப்பர் அதே பேப்பர்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, ஒழுகுகிற குழாயை மேசையில் டமாரென்று போட்டார். "வெள்ளைப் பெட்டின்னாலே இப்படித்தான்யா."

குழாய்க்கடைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்தார். வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். கறுப்புப் பெட்டிக் குழாயிலும் தேய்கிற வாஷர். புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்தார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இருபது வருஷமாக இந்த ஆட்களை நினைத்து உள்ளுக்குள் சிரித்தவர் அவர். ஊரார் தலையில் பெட்டியைக் கட்டிப் பிழைத்த தானே, யாரும் கட்டாமல் ஒரு பெட்டியைத் தன் தலையில் கட்டிக்கொண்டது அவருக்கு ரொம்பத் தாமதமாக உறைத்தது. அந்த யாரோ யார் என்பதும் கூடவே பிடிபட்டது.

வேலைக்கு நிற்கும் பையனிடம் கடையை விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே பள்ளிக்குப் போனார்.

ஆசிரியர் அறையில் ஒரு இரும்பு அலமாரி, கயிறு போட்டுக் கட்டிய விடைத்தாள் கட்டுகள், கால் ஆடும் மேசை. மூலையில் பிசிக்ஸ் சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருக்கு மீசை உண்டு, அடர்த்தியாகவே. ஜன்னலோரம் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தவர் ஐந்தடிகூட இருக்க மாட்டார். தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

"மேடம், நான்..."

"தெரியும். உட்காருங்க. உங்க பொண்ணு இப்ப நல்லாப் போடுறா. அதுக்கு வந்தீங்களா, மனுவுக்கு வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் மேடம்."

மேசையில் டக்கென்று ஒரு சத்தம். "ஏன்?"

"தப்புப் பண்ணிட்டேன்."

"அது விடை. நான் ஏன்னு கேட்டேன்."

குழாய்க்கடைக்காரர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று லேசாகப் புரிந்தது. "நீங்க ஆம்பளைன்னு நெனச்சு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. பொம்பளைன்னு தெரிஞ்சதும் பிடிக்காமப் போச்சு. நடுவுல நீங்க ஒண்ணும் மாறல. கையெழுத்துப் போட்டப்ப ரெண்டு பேர்னு நெனச்சேன். அது அறியாமை. தெரிஞ்ச பிறகும் ஒருநாள் முழுக்க உங்க மேல கோவமா இருந்தேன் பாருங்க, அதுதான் தப்பு."

டீச்சர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஸ்டெப் எல்லாம் சுத்தமா இருக்கு. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கையெழுத்தை வாபஸ் வாங்கிடறேன்."

"நீங்க முதல்ல போட்டீங்க. உங்களைப் பாத்து எத்தனை பேர் போட்டாங்க?"

"கவலைய விடுங்க மேடம். எல்லார்கிட்டயும் நானே பேசறேன். வெளியிலதான் கண்டிப்பு, உள்ள தங்கமான மனசு, புள்ளைங்களைப் பெத்த தாய் மாதிரி பாத்துக்கறாங்கன்னு எடுத்துச் சொல்லி..."

"அதை மட்டும் சொல்லாதீங்க."

பேனாவை மூடிவிட்டார். "நான் அவங்க அம்மா இல்ல. வீட்ல ரெண்டு பேரு இருக்காங்க எனக்கு, அதுவே ஜாஸ்தி. தாய் மாதிரின்னு வித்துட்டீங்கன்னா, நாளைலேர்ந்து நான் தாயா நடிக்கணும். நடிக்கலேன்னா ஏமாத்திட்டாங்கன்னு அதுக்கு ஒரு மனு வரும். பிசிக்ஸ் சாரை யாராவது அப்பா மாதிரி இருக்கச் சொல்றாங்களா?"

மூலையிலிருந்து, கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "மாமனார் மாதிரி இருக்கேன்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க தூங்குங்க சார்."

"தூங்கிட்டுத்தாம்மா சொல்றேன். நான் சாக்பீஸ் எறிஞ்சா, 'சார் குறி தப்பாது'ம்பாங்க. நீங்க சாக்பீஸைக் கையில எடுத்தாலே மனு வருது."

குழாய்க்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப உங்களை என்னன்னுதான் சொல்றது?"

"கணக்கு சொல்லித் தர்றாங்க. ஏன்னு கேப்பாங்க. லேட்டா வந்தா கதவைச் சாத்துவாங்க. அவ்வளவுதான் சரக்கு. வேணும்னா எடுத்துக்கட்டும்."

பெட்டியே இல்லாமல் ஒரு பொருளை விற்கச் சொல்லி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

போகிற வழியில் முதல்வரைப் பார்த்துத் தன் கையெழுத்தை அடிக்கச் சொன்னார். முதல்வர் அடித்தார். "ஒண்ணு குறைஞ்சா போதாது. பத்துக்குக் கீழ வந்துச்சுன்னா, இது ஏதோ நாலு பேர் மனஸ்தாபம்னு கோப்புல போட்டு மூடிடுவேன். பத்தோ அதுக்கு மேலயோ நின்னா, குழுவுல வெச்சுத்தான் ஆகணும். வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

புதன், வியாழன் இரண்டு நாளும் மத்தியானக் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். முதல்வரிடம் வாங்கிய மனுவின் நகல் பையில் இருந்தது; எடுக்கிறவர் தன் பேரை அடித்துப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் கண்ணாடிக்காரர். "தம்பி, உன் கடையில உன் சம்சாரமும்தானே கண்ணு பரிசோதிக்கிறாங்க?"

"ஆமாண்ணே, அதுக்குன்னு படிச்சவ."

"வர்றவங்க என்ன கேக்கறாங்க?"

"'சார் இல்லையா'ன்னு கேப்பாங்க."

"ரெண்டு பேர்ல யாரு நல்லாப் பாப்பாங்க?"

கண்ணாடிக்காரர் பின்பக்கத் திரையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அவதான்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப எடுங்க பேனாவை."

எல்லா இடத்திலும் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை. டாக்டர் நோயாளிகளுக்கு நடுவே அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான் எதுல கையெழுத்துப் போட்டேன்? எதுவா இருந்தாலும் எடுத்துடுங்க" என்று சொல்லி, மருந்துச் சீட்டில் போடுகிற அதே வேகத்தில் போட்டுக் கொடுத்தார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்து குடும்பம். ஐந்து பேரும் டீச்சரைப் பற்றி அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், எங்க மாடித் தண்ணி ஏன் சொட்டுச் சொட்டா வருது?" என்றார்கள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஐந்து வீட்டுக் குழாயையும் கழற்றி மாட்டினார். எழுந்தபோது ஐந்து கையெழுத்தும் தயாராக இருந்தன. மைத்துனர் அக்கா புருஷன் முகத்துக்காகக் கொடுத்தார், மைத்துனரின் சகலை மைத்துனரின் முகத்துக்காகக் கொடுத்தார்.

ஒரு லாரி ஓட்டுநர் வீட்டில் மட்டும் கேள்வி கேட்டார்கள். "கதவைச் சாத்தினது உண்மையா?"

"உண்மைதான்."

"எங்க பையனையும்?"

"அவனையும்தான்."

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். "அதான் இப்பல்லாம் ஆறு மணிக்கே எந்திரிக்கிறான்." இருவரில் கையெழுத்துப் போட்டிருந்தவள் மனைவி. அவளே வாங்கி அடித்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குக்கூட ஜாக்கெட் அளவு எடுக்கறப்ப சிரிக்க வராதுங்க, ஊசி வாயில இருக்கும்" என்று சொல்லித் தன்னுடையதையும் கொடுத்தாள்.

வங்கி அம்மாளிடம்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம் இருந்தது. ஒரு பெண்ணைப் பெண்ணே விட்டுக்கொடுப்பாளா என்று நினைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வங்கி மூடுகிற நேரத்துக்குப் போனார். அவள் ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"அண்ணா, கவுன்டருக்கு வர்றவங்க என்னைப் பாத்து, 'மேனேஜர் சார் எப்ப வருவார்'னு கேக்கறாங்க. 'நான்தாங்க'ன்னு சிரிச்சுகிட்டே சொல்றேன். இந்த ஒரு கிளையில மட்டும் இல்ல, போன இடத்துல எல்லாம். தாடை வலிக்குது. அவங்க மட்டும் சிரிக்காமலே வேலை பாக்கலாமா?"

"சிரிக்கிறது அவங்க கட்ட வேண்டிய கடன் இல்லையேம்மா."

"என்னுதும் இல்ல. நான் கட்டிட்டுத்தானே இருக்கேன்?"

அவர் நகலை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், திரும்பக் குவளையில் போட்டாள். "என்னுது இருக்கட்டும்ணா."

இன்னும் எட்டுப் பேர் இதைவிடச் சுருக்கமாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். ஒருவர், "பொம்பளைக்கு இவ்வளவு வக்காலத்து எதுக்கு?" என்று கேட்டு, கண்ணைச் சிமிட்ட வேறு சிமிட்டினார். கறுப்புப் பெட்டிக் குழாய்க்கு அவர் பழைய வாடிக்கை.

வெள்ளிக்கிழமை முதல்வர் அந்த நகலை விரித்து, அடித்த பேர்களுக்கு நேராக விரலை ஓட்டினார். மிச்சம் ஒன்பது. "சரி, கோப்புல போட்டுடறேன். பன்னண்டாம் வகுப்பும் இவங்களே எடுக்கட்டும், காலை வகுப்பும் நடக்கட்டும். குழு கேட்டா சொல்றதுக்கு, பிசிக்ஸ் சாரை மேற்பார்வைக்குன்னு போடறேன். வாரம் ஒரு நாள் பின் பெஞ்ச்ல உட்காருவார்."

"அவருக்குக் கணக்கு தெரியுமா சார்?"

"தெரியாது. ஆனா அவர் உட்கார்ந்தா ஒரு திருப்தி."

வாசலில் மகள் பையோடு காத்திருந்தாள். திங்கட்கிழமை ராத்திரிக்குப் பிறகு அவளாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசினாள். "எத்தனை பேர்ப்பா எடுத்தாங்க?"

"பன்னண்டு பேர். அவங்க இருக்காங்க. மாத்தல."

அவள் மூச்சை விட்டாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவள், வண்டி கிளம்பாததைப் பார்த்துத் தோள் வழியாக எட்டிக் கேட்டாள். "பன்னண்டு பேரும் அவங்களுக்காகத்தான் எடுத்தாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெண் சந்தோஷப்பட்டிருப்பாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு விரலை மடக்கினார்.

போட்டவர்கள் இருபத்தொன்று. எடுக்க மாட்டேன் என்றவர்கள் ஒன்பது. எடுத்தது பன்னிரண்டு. அதில் ஒழுகும் குழாய்க்கு ஐந்து, உறவின் முகத்துக்கு இரண்டு, எதில் போட்டோம் என்றே தெரியாமல் டாக்டருடையது ஒன்று, பெண்ணின் வயிற்றுவலிக்குப் பயந்து தன்னுடையது ஒன்று. டீச்சரை டீச்சராகவே எடுத்துக்கொண்டவர்கள், கண்ணாடிக்காரர், ஓட்டுநரின் மனைவி, தையல்காரம்மா. வரவு மூன்று. பாக்கி பதினெட்டு. பாக்கிப் பட்டியலில் முதல் பேர் அவருடையது.